சிக்னல் போகலாம், கோப்பு போகக் கூடாது

முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கோப்புகள் எல்லாம் ஒரு சர்வரில் இருந்தன. என்எஃப்எஸ் என்ற, நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் முறை வழியாக அந்த ஃபோல்டர் என் லேப்டாப்பில் தெரியும், சொந்த டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும். என் மேசைக்கும் கூட்ட அறைக்கும் நடுவே ஒரு மாடிப்படி. அங்கே வைஃபை எட்டாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளை ஏறுவதற்குள் எடிட்டர் உறைந்துவிடும். சேமிக்க முடியாது, மூடவும் முடியாது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. அதோடு கடைசி அரை மணி நேர எழுத்தும் போகும்.

கோளாறு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. என்எஃப்எஸ்ஸின் வழக்கமான 'ஹார்டு மவுண்ட்' அமைப்பில், சர்வர் பதில் சொல்லும்வரை அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே நிற்கும். 'சாஃப்ட்' என்று மாற்றினால் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும்; எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெடலாம். மேசையை விட்டு நகராத, கம்பியில் கட்டிய கணினிகளுக்காக 1980களில் வந்த ஏற்பாடு அது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறும் கணினிக்கு அது பொருந்தாது.

பொருந்தும் ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே ஆழமாக யோசித்த இடம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே 1987இல் கோடா என்ற கோப்பு முறைமையின் (கோப்புகளை வைத்து, எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு) வேலை தொடங்கியது. நடத்தியவர் மகாதேவ் சத்யநாராயணன், சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போனவர். அவரும் ஜேம்ஸ் கிஸ்லரும் 1991இல் முன்வைத்த ஆய்வில், இணைப்பு அறுவது ஏதோ விபத்து என்ற எண்ணமே கிடையாது. அறும், தினமும் அறும். அதற்குத் தகுந்தாற்போல் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். இணைப்பு இருக்கும்போதே தேவையான கோப்புகளைப் பதுக்கிக்கொள்வது. அறுந்தபின் கையில் இருக்கும் பிரதியை வைத்துச் சமாளித்து, செய்த மாற்றங்களைக் குறித்துக்கொண்டே போவது. மீண்டும் இணைந்ததும் அந்தக் குறிப்பைச் சர்வரில் ஏற்றிச் சேர்த்துவிடுவது. (பதுக்கல் என்றால் நமக்கு அரிசி மூட்டைதான் ஞாபகம் வரும். அவர்கள் வைத்த 'ஹோர்டிங்' என்ற ஆங்கிலப் பெயருக்கும் அதே அர்த்தம்தான்.)

இன்று வீட்டில் யாரையும் கோடா நிறுவச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று வேலையையும் புதியவர் ஒருவர் ஒரு மாலைக்குள் செய்துகொள்ள சிங்க்திங் என்ற மென்பொருள் போதும். இலவசம், திறந்த மூலம், 2013 இறுதியில் வெளிவரத் தொடங்கியது. கறாராகச் சொன்னால் அது கோப்பு முறைமையே கிடையாது. கோடா, கோப்பைத் திறக்கும்போது சர்வரிலிருந்து இழுத்து வந்து கொடுக்கும். சிங்க்திங் உங்கள் ஃபோல்டரின் முழுப் பிரதியை ஒவ்வொரு கருவியிலும் வைத்து, அவை ஒன்றுபோல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். கற்றுக்கொள்பவருக்கு இது நல்லதுதான். எது எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் ஒரு தாள்

நிறுவுவதற்கு முன் எந்தெந்தக் கருவி என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் லேப்டாப், ஃபோன் என்று இரண்டை எழுதிவிட்டு நிறுத்துவார்கள். அங்கேதான் தப்பு. லேப்டாப் மூடியிருக்கும்போது ஃபோன் விழித்திருக்கும்; லேப்டாப்பைத் திறக்கும்போது ஃபோனில் டேட்டா தீர்ந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் கோப்பு கைமாறும். நாள்கணக்கில் சந்திக்காமலே இருக்கும் ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்றாவதாக, வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கருவி வேண்டும். பழைய லேப்டாப் போதும், ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி இருந்தால் இன்னும் நல்லது. கோடாவில் சர்வரில் இருப்பதை முதல்தரப் பிரதி என்றும், பயணம் போகும் கணினியில் இருப்பதை இரண்டாம்தரப் பிரதி என்றும் பிரித்தார்கள். நம்பகமானது, நிலையாக இருப்பது முதலாவது. இரண்டாவது தொலையலாம், உடையலாம், ஆனால் கையில் இருக்கும். சிங்க்திங்குக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது, எல்லாக் கருவியும் அதற்குச் சமம். உங்கள் மனத்தில் அது இருக்கட்டும். எப்போதும் ஓடும் அந்தக் கருவியைக் கீழே 'வீட்டுப்பெட்டி' என்றே சொல்கிறேன்.

நிறுவி, அறிமுகம் செய்தல்

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் சிங்க்திங் இருக்கிறது. ஓடவிட்டதும் உலாவியில் ஒரு பக்கம் திறக்கும், முகவரி 127.0.0.1:8384. கட்டுப்பாடு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதிலிருந்து கிளைத்த சிங்க்திங்-ஃபோர்க்கைத்தான் இப்போது பலரும் வைத்திருக்கிறார்கள். ஃபோனில் போட்டதும் முதல் வேலையாக, அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி சிக்கனத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஆண்ட்ராய்டு அதைத் தூங்கவைத்துவிடும். நீங்கள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்து கொண்ட ஓர் அடையாளம் உண்டு, ஏழேழாக எட்டுத் துண்டு. தட்டச்சு செய்ய வேண்டாம். லேப்டாப்பில் 'ஆக்‌ஷன்ஸ்' பட்டியலில் 'ஷோ ஐடி' என்றால் க்யூஆர் படம் வரும், ஃபோனால் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் லேப்டாப்பில் 'இந்தக் கருவி சேரக் கேட்கிறது' என்ற தகவல் எழும், அதையும் ஏற்க வேண்டும். இரு தரப்பும் சம்மதித்தால்தான் பேச்சு. வீட்டுப்பெட்டியையும் இதேபோல் மற்ற இரண்டோடும் சேர்த்துவிடுங்கள். அந்த அடையாளம் ரகசியம் ஒன்றும் இல்லை, வேறு யாருக்காவது தெரிந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு கோப்பும் போகாது.

அடுத்து, 'சோதனை' என்று ஒரு புதிய ஃபோல்டர். அதில் இரண்டு மூன்று உரைக் கோப்புகள் மட்டும். லேப்டாப்பில் 'ஆட் ஃபோல்டர்' போட்டு, 'ஷேரிங்' பகுதியில் மற்ற இரண்டு கருவிகளையும் டிக் செய்யுங்கள். அந்தப் பக்கங்களிலும் ஏற்றுக்கொண்டதும் பச்சை நிறத்தில் 'அப் டு டேட்' என்று வரும். எடுத்த எடுப்பில் 40 ஜிபி புகைப்படங்களைக் கொட்டுகிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், ஒரு வாரம் இந்தச் சோதனை ஃபோல்டரோடு வாழுங்கள்.

பதுக்கல்

ஃபோனில் இடம் குறைவு. லேப்டாப்பில் உள்ள எல்லாமே அதற்கு வேண்டியதில்லை. கோடாவில் இதற்கென்று ஒரு பட்டியல் உண்டு: எந்தக் கோப்பு முக்கியம், எவ்வளவு முக்கியம் என்று நீங்கள் எழுதிவைக்கலாம். சமீபத்தில் எதைத் திறந்தீர்கள் என்பதையும் அதோடு கூட்டிப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து, விட்டுப்போனதை இழுத்து வைத்துக்கொள்ளும். சிங்க்திங்கில் அத்தனை சாமர்த்தியம் கிடையாது. ஆனால் 'இக்னோர் பேட்டர்ன்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. ஃபோனில், அந்த ஃபோல்டரின் அமைப்பில் இந்த இரண்டு வரியை எழுதுங்கள்:

!/நடப்பு
*

இரண்டாவது வரி எல்லாவற்றையும் ஒதுக்குகிறது. முதல் வரியின் ஆச்சரியக்குறி, 'நடப்பு' என்ற உள்ஃபோல்டரை மட்டும் அதிலிருந்து விடுவிக்கிறது. மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரிதான் செல்லும், வரிசையை மாற்றிவிடாதீர்கள். இந்தப் பட்டியல் அந்தந்தக் கருவிக்கு மட்டுமே. ஃபோனில் எழுதியது லேப்டாப்புக்குப் போகாது. இனி கையோடு வேண்டிய வேலையை லேப்டாப்பிலிருந்து 'நடப்பு'க்குள் நகர்த்தினால் போதும், ஃபோனில் வந்து இறங்கிவிடும்.

இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த வரிகளை எழுதாமலேயே, ஃபோனில் இடம் இல்லை என்று பழைய ஃபோல்டர்களை அழித்தேன். ஃபோனில்தானே அழிக்கிறோம் என்ற நினைப்பு. அழித்ததும் ஒரு மாற்றம்தான். அது கடமை தவறாமல் லேப்டாப்புக்கும் வீட்டுப்பெட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்று இடத்திலும் காலி. எப்போதும் இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் ஒதுக்கும் வரியை எழுதிச் சேமியுங்கள், 'ரீஸ்கேன்' கொடுங்கள், முடிந்ததா என்று பாருங்கள், அப்புறம் அழியுங்கள். ஒதுக்கப்பட்ட கோப்பை அழித்தால் அது வெளியே பரவாது.

அன்று என்னைக் காப்பாற்றியது வீட்டுப்பெட்டியில் போட்டிருந்த 'ஃபைல் வெர்ஷனிங்'. இதை இப்போதே போட்டுவிடுங்கள், 'ஸ்டேகர்டு' வகையைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஒரு மணி நேரம் 30 நொடிக்கு ஒரு பழைய பிரதி, ஒரு நாள் வரை மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று, அதற்குப் பின் வாரத்துக்கு ஒன்று என்று தானே கழித்துக்கொண்டு வரும். ஒன்றை மறக்க வேண்டாம். வேறு கருவியிலிருந்து வந்த மாற்றத்துக்கு மட்டும்தான் பழைய பிரதி எடுத்து வைக்கும். வீட்டுப்பெட்டியிலேயே உட்கார்ந்து நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அந்தப் பெட்டியில் அதற்குப் பிரதி இருக்காது. அதனால்தான் யாரும் உட்கார்ந்து வேலை செய்யாத பெட்டியில் இதைப் போடச் சொல்கிறேன். இதையே பேக்கப் என்று நம்பி இருந்துவிடாமல், மாதம் ஒருமுறையாவது தனி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வையுங்கள்.

ஒத்திகை

வெளியூர் கிளம்புவதற்கு முந்தின இரவு, வீட்டிலேயே ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள், லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். அப்படியே ஒரு மணி நேரம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். அறிக்கை இருக்கும், அதற்குள் இணைத்த படம் வேறு ஃபோல்டரில் மாட்டியிருக்கும். கணக்குத் தாள் இருக்கும், அது கூப்பிடும் இன்னொரு தாள் இருக்காது. ஒரு வேலைக்கு உண்மையில் எத்தனை கோப்பு தேவை என்று யாருக்கும் நினைவிலிருந்து சொல்லத் தெரியாது. கோடாவை உருவாக்கியவர்களுக்கும் இதே தலைவலி. அதனால் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஓட்டி, அது தொட்ட கோப்புகளைப் பதிவு செய்துகொள்ளும் வசதியையே அதில் வைத்தார்கள். நமக்கு இந்த ஒரு மணி நேர ஒத்திகைதான் அந்த வசதி.

ஒத்திகை முடிந்ததும் இணைப்பைத் திரும்பக் கொடுத்து, மூன்று கருவியும் 'அப் டு டேட்' ஆகிறதா என்று பாருங்கள். ஆனால் மறுநாள் காலையில் பச்சை நிறம் வரும் முன் லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டால் இத்தனையும் வீண்.

இரண்டு கை ஒரு கோப்பில்

எல்லாரும் பயப்படும் இடம் இது. 'செலவு' என்று ஒரு கோப்பு. காலை 8 மணிக்கு பஸ்ஸில், சிக்னல் இல்லாமல், ஃபோனில் 'டீ 15' என்று ஒரு வரி சேர்க்கிறீர்கள். 9 மணிக்கு வீட்டில் உங்கள் மனைவியோ கணவரோ லேப்டாப்பில் அதே கோப்பில் 'பால் 32' என்று சேர்க்கிறார். மதியம் ஃபோன் இணைகிறது. யாருடையது சரி?

இரண்டுமே சரி. யார் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினார்கள் என்பதற்கு ஒவ்வொரு கோப்போடும் ஒரு எண்ணிக்கைப் பட்டியல் கூடவே வரும். எந்தக் கருவி எத்தனை முறை மாற்றியது என்ற கணக்கு அது. ஃபோனின் கணக்கில் லேப்டாப்பின் மாற்றம் இல்லை, லேப்டாப்பின் கணக்கில் ஃபோனின் மாற்றம் இல்லை. ஒன்றையொன்று பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும், கடிகாரம் தேவையில்லை. கோடாவிலும் இதுபோல் கடிகாரத்தை நம்பாத உத்திதான்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் வித்தியாசம். கோடா அந்தக் கோப்பையே பூட்டிவைத்து, நீங்கள் வந்து சரிசெய்யும்வரை திறக்க விடாது. சிங்க்திங் மென்மையானது. சேமித்த நேரம் எதில் பிந்தியதோ அது 'செலவு' என்ற பெயரோடு நிற்கும். முந்தியது 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல், தேதி, நேரம், மாற்றிய கருவியின் குறி எல்லாம் ஒட்டிய நீண்ட பெயரோடு பக்கத்தில் உட்காரும். நம் கதையில் 'பால் 32' கோப்பில் இருக்கும், 'டீ 15' பக்கத்துக் கோப்பில் இருக்கும். இரண்டையும் திறந்து, விட்டுப்போன வரியை எடுத்து ஒட்டி, நீண்ட பெயர்க்காரரை அழித்துவிடுங்கள். அவ்வளவுதான். எது ஜெயிக்கும் என்பதைக் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது என்பதால், கருவிகளில் நேரம் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வையுங்கள்.

இந்த ஆபத்தைத் தெரிந்தே ஏன் இரண்டு பக்கமும் எழுத விடுகிறார்கள்? ஒருவர் எழுதும்போது மற்றவருக்குப் பூட்டு போட்டுவிடலாமே? போடலாம். ஆனால் பூட்டைக் கையில் வைத்திருப்பவர் சிக்னல் இல்லாத ஊரில் இறங்கிவிட்டால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கார்னெகி மெலனில் கோடாவுக்கு முந்தைய ஏஎஃப்எஸ் முறைமையில் எண்ணிப் பார்த்தபோது, மாற்றங்களில் 99 சதவீதத்துக்கும் மேல், முன்பு கடைசியாக மாற்றிய அதே ஆள் செய்தவை. ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரு நாளுக்குள் மாற்றும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 சதவீதம். அந்தத் தைரியத்தில்தான் பூட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். குடும்பச் செலவுக் கணக்கு அந்தச் சொற்பத்தில் சேர்ந்தது, அதற்கு என் வழி வேறு: ஆளுக்கொரு கோப்பு, மாதக் கடைசியில் கூட்டிக்கொள்வது. ஒரே ஃபோல்டரில் இரண்டு பேர் வேறு வேறு கோப்பு எழுதுவதில் எந்த மோதலும் வராது.

சில பொருள்களை இதில் வைக்கவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், மின்னஞ்சல் நிரலின் பெட்டி, டாலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டர். இவற்றில் பல கோப்புகள் ஒன்றையொன்று நம்பி இருக்கும். ஒன்று புதிதாகவும் இன்னொன்று பழையதாகவும் வந்து சேர்ந்தால் மொத்தமும் திறக்காது. நிரலை மூடி, பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வையுங்கள். நிரல் எழுதுபவர்கள் மாற்ற வரலாற்றோடு வைத்திருக்கும் கிட் களஞ்சியத்துக்கு அதன் சொந்த வழியே போதும்.

மெலிந்த இணைப்பு

அறுந்த இணைப்பை விடத் தொல்லை, உயிர் ஊசலாடும் இணைப்பு. 1995இல் கோடா குழு இதற்கென்றே தனியாக ஒரு வழி செய்தது. நொடிக்கு 9.6 கிலோபிட் போகும் மோடத்தில்கூட வேலை நடக்க வேண்டும் என்பது இலக்கு. மாற்றங்களை உடனே அனுப்பாமல் பத்து நிமிடம் ஊறவிட்டு, சொட்டுச் சொட்டாக அனுப்பினார்கள். ஊறவிடுவதில் ஒரு லாபம்: ஒரே கோப்பை அதற்குள் ஐந்து முறை சேமித்திருந்தால் கடைசியை மட்டும் அனுப்பினால் போதும், உருவாக்கி உடனே அழித்த தற்காலிகக் கோப்பை அனுப்பவே வேண்டாம்.

நம் கையில் இருப்பவை இவ்வளவு. ஃபோனில் வைஃபை இருக்கும்போது மட்டும் ஓடும்படி நிபந்தனை வைக்கலாம். லேப்டாப்பில் 'கனெக்‌ஷன்ஸ்' பகுதியில் அனுப்பும் வேகத்துக்கு வரம்பு போட்டால், கோப்பு ஏறும்போது வீடியோ அழைப்பு திக்காது. பெரிய கோப்பு பாதியில் அறுந்தால், வந்து சேர்ந்த துண்டுகளை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அந்த அரைகுறையை 24 மணி நேரம்தான் வைத்திருக்கும். அடிக்கடி நாள்கணக்கில் இணைப்பு இல்லாத ஊர் என்றால், 'அட்வான்ஸ்டு' பகுதியில் இந்த மணிக்கணக்கை உயர்த்திவிடுங்கள்.

மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் கருவிகள் நேரடியாகச் சந்திக்க முடியாது, நடுவில் நின்று கைமாற்றிவிடும் ஒரு 'ரிலே' சர்வர் வழியாகப் பேசும். உள்ளடக்கம் இரு முனைக்கு இடையே குறியாக்கம் ஆகியிருப்பதால் அதை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் மெதுவாக இருக்கும். விடுதி, கல்லூரி வைஃபையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று தெரியாது, அங்கே கருவிகளைப் பிரித்தே வைத்திருப்பார்கள். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள், டேட்டாவை அணைத்துவிடுங்கள், லேப்டாப்பை அதில் இணையுங்கள். இணையமே இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக் கோப்புகளை மாற்றிக்கொள்ளும். 'வைஃபையில் மட்டும்' என்ற நிபந்தனை குறுக்கே நின்றால், ஆப்பை அந்த நேரத்துக்கு மட்டும் கையால் ஓடவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள்

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. 'தொடர்பு' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு 21 பைட். விண்டோஸில் எண்ணும் முறை வேறு. அங்கே நிம்மதியாக இருந்த நீண்ட பெயர் ஃபோனில் வந்து இறங்க மறுக்கும், பக்கத்தில் 'அவுட் ஆஃப் சிங்க்' என்று சிவப்பு எழுத்து நிற்கும். மோதல் வந்தால் ஒட்டும் வாலுக்கு மட்டும் 38 பைட் வேண்டும், அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

பெயரில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. 'கொ' போன்ற எழுத்தில் வரும் கொம்பையும் காலையும் சில கணினிகள் ஒரே குறியாகவும் சில, இரண்டு துண்டாகவும் சேமிக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு 'கொள்முதல்' ஃபோல்டர்கள் முளைப்பது இதனால்தான். சிங்க்திங் இதைத் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கான அமைப்பு ஆரம்பத்திலேயே போட்டிருக்கும், அதில் கை வைக்காதீர்கள்.